வராதவர்களுக்குச் சீட்டு எடுப்பதில்லை

லிங்கநகர்,
திருகோணமலை.
9.2.2025

அன்புள்ள ரூபி அக்காவுக்கு,

நானும் இராகுலனும் கவிஷாவும் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? போனில் நான் "ஓம் அக்கா, சுகம் அக்கா" என்று மட்டும்தான் சொல்வேன், கடிதத்தில்தான் உண்மை எழுதுவேன் என்று நீங்கள் போட்ட கட்டளைக்குப் பணிந்து இதோ எழுதுகிறேன். பொங்கலுக்கு முதலே எழுதுகிறேன் என்று சொன்னனான். பிந்திப் போச்சு. பிள்ளை பகலில் ஒரு மணித்தியாலம்தான் நித்திரை கொள்வாள். அதற்குள் உடுப்புத் தோய்க்கவேண்டும், சமைக்கவேண்டும், கொஞ்சம் பயப்படவும் வேண்டும்.

பயம் முந்தி மாதிரி இல்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்று இப்போது இரவில் இரண்டு தரம்தான் எழும்பிப் பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் கவிஷா பிறந்தபோது, பெரியம்மாவின் மகளான நீங்கள் கூடப்பிறந்த அக்கா மாதிரிச் சம்பளமில்லாத லீவு போட்டு வந்து நாற்பத்தொரு நாள் என்னோடு இருந்தீர்கள். சரக்குத்தூள் இடித்தது, வெந்நீர் வார்த்தது எல்லாம் ஒரு பக்கம். காரணமில்லாமல் நான் அழுதபோதெல்லாம், ஏன் என்று கேட்காமல், "அழுது முடி, சோறு ஆறுது" என்று பக்கத்தில் இருந்தீர்களே, அதற்கு இன்னும் நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சீட்டு வாசிக்கிறேன் என்று கேள்விப்பட்டுக் கேட்டிருந்தீர்கள். ஓம், உண்மைதான். டாரட் சீட்டு. எழுபத்தெட்டுப் படங்கள். பட்டம் எடுத்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு வீட்டோடு இருந்த நேரம் இணையத்தில் படித்தது. கேள்வியோடு வருபவர் சீட்டைக் கலைத்துத் தருவார். நான் எடுத்து, அந்தப் படத்தை வைத்து அவரோடு கதைப்பேன். நடக்கப்போவதைச் சொல்கிறேன் என்று ஒருவருக்கும் சொல்வதில்லை. அலுமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: நோய் வருத்தம், வயிற்றுப்பிள்ளை, சாவு பற்றிச் சீட்டு இல்லை. இங்கே கதைத்தது வெளியே போகாது. ஒரே கேள்விக்கு இரண்டாம் தரம் இல்லை. வராதவர்களுக்குச் சீட்டு எடுப்பதில்லை.

அந்தக் கடைசி வரியால் போன கிழமை ஒரு சண்டை. பாலையூற்றில் இருந்து ஓர் அம்மா, மகனுக்குப் பேசியிருக்கிற பெண்ணின் படத்தோடு வந்தா.

"இவ எங்கட குடும்பத்துக்கு ஒத்து வருவாவோ பிள்ளை? ஒரு சீட்டு எடு."

"அவ வந்து கேட்டால் எடுப்பன் அம்மா. இப்ப உங்களைப் பற்றி வேணுமெண்டால் எடுக்கலாம்."

"என்னைப் பற்றி அறிய என்ன கிடக்கு?"

"நீங்கள் அவவோட ஒத்து வருவீங்களோ எண்டு பாப்பமே?"

அம்மா படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டா. துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற டக் படகு வேலை முடிந்து வந்த இராகுலன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நல்ல வேளை, உன்ர மாமி உயிரோட இருக்கேக்க நீ இந்தத் தொழில் செய்யேல்ல."

முதுகுக்கு எண்ணெய் பூசுங்கோ. பதில் போடுங்கோ.

என்றும் உங்கள் தங்கை,
நிரோஜினி

•

வெருகல்
21.2.2025

அன்புத் தங்கை நிரோஜிக்கு,

நீங்கள் மூவரும் சுகம் என்பது சந்தோஷம். என் முதுகு பரவாயில்லை. கரும்பலகையின் மேல்பாதியில் எழுதுவதை விட்டுவிட்டேன். பிள்ளைகளுக்கும் கணக்குப் பாதியாய்க் குறைந்த சந்தோஷம்.

சீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுபத்தெட்டில் ஒன்று வரும் சாத்தியம் எழுபத்தெட்டில் ஒன்று. கணக்கு ரீச்சருக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் உன் தாள் எனக்குப் பிடித்தது. படத்தோடு வந்த அம்மாவுக்குச் சொன்ன பதில் அதைவிடப் பிடித்தது. விடாதே, அப்படியே இரு.

இங்கே பள்ளிக்கூடத் தோட்டம் தொடங்கியிருக்கிறோம். பொறுப்பு என் தலையில். விவசாயப் போதனாசிரியர் ஒருவர், இராசதுரை என்று பெயர், கிழமைக்கு ஒரு தரம் வந்து சொல்லித் தருகிறார். நான் ஒரு கன்றுக்கு ஒரு லீற்றர் என்று அளந்து ஊற்றினேன். நின்று பார்த்தார்.

"ரீச்சர், கத்தரிக்கு அளந்து ஊத்தக் கூடாது. அதின்ர முகத்தைப் பாத்து ஊத்த வேணும்."

"முகம் எந்தப் பக்கம் இருக்கு எண்டு காட்டிவிட்டுப் போங்கோ."

மனிசன் உண்மையாகவே குனிந்திருந்து இலையைப் பிரட்டிக் காட்டினார்!

கவிக்குட்டிக்கு என் முத்தம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
ரூபி அக்கா

•

லிங்கநகர்
16.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தரமும் பிந்திவிட்டேன். கவிக்கு நான்கு நாள் காய்ச்சல். இப்போது இறங்கிவிட்டது, பயப்படாதேங்கோ. நான் பட்ட பயம் இரண்டு பேருக்கும் போதும். பக்கத்து வீட்டுப் பரீனாதான் என்னைத் தாங்கினவ. "ஒண்ட சீட்டுப் பக்கம் நான் வரமாட்டன், எங்களுக்கு அது கூடாது. புள்ளயத் தா, நீ போய்ச் சாப்பிடு" என்று தூக்கிக்கொண்டு போனா.

ஒரு நல்ல செய்தி. மாசியில் ஒரு பெண் மார்பில் கட்டி என்று சீட்டுக் கேட்டு வந்தா. தாளைக் காட்டினேன். "இதுக்குச் சீட்டு இல்லை அக்கா, கிளினிக் இருக்கு" என்று சொல்லி, பயமாய் இருந்தால் நானும் வருகிறேன் என்றேன். கோபித்துக்கொண்டு போனவ, நேற்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் நிற்கிறா. கட்டி சாதாரணமானதாம். "நீ நல்ல சீட்டு ஒண்டு எடுத்துக் காட்டியிருந்தால் நான் போயிருக்க மாட்டன் தங்கச்சி" என்று என் கையைப் பிடித்தா. வாழைப்பழத்தில் பாதியை, இங்கே தெருவில் திரிகிற மான் ஒன்று முற்றத்துக்கு வந்து தின்றுவிட்டது. மீதியைக் கவி தின்றாள். எனக்கு வயிறு நிறைந்துபோச்சு.

கத்தரிக்கு முகம் தெரிந்ததா? உங்கள் முதுகு எப்படி?

அன்புத் தங்கை,
நிரோஜி

•

வெருகல்
2.4.2025

அன்புள்ள நிரோஜி,

பிள்ளையின் காய்ச்சல் மாறியது அறிந்து ஆறுதல். பரீனாவுக்கு என் நன்றியையும் சொல்லு. நான் சுகம்.

இதை உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். போன வெள்ளி, தோட்டத்தில் பிள்ளைகள் போன பிறகு இராசதுரை கேட்டார்.

"ரீச்சர், நான் ஒண்டு கேட்டால் நாளைக்குத் தொடக்கம் வரவேண்டாம் எண்டு சொல்லுவீங்களோ?"

"கேள்வியைப் பொறுத்தது."

"என்னைக் கலியாணம் கட்ட உங்களுக்கு விருப்பமோ?"

மனைவி இறந்து ஐந்து வருடம். பிள்ளைகள் இல்லை. நாற்பத்தாறு வயது. எனக்கு முப்பத்தொன்பது. அம்மாவும் அப்பாவும் இருந்த காலத்தில் வந்த சம்பந்தங்களை அவர்களுக்காகத் தட்டிவிட்டேன். அவர்கள் போன பிறகு ஒருவரும் கேட்கவில்லை. இப்போது ஒருவர் என்னிடமே வந்து கேட்கிறார். ஒரு மாதம் தாருங்கோ என்றேன். "கத்தரி காய்க்கிறதுக்கே அதைவிடக் கூடச் செல்லும், ஆறுதலாய்ச் சொல்லுங்கோ" என்றார்.

நீ என்ன நினைக்கிறாய்? சீட்டைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்கிறேன்.

அக்கா

•

லிங்கநகர்
5.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நாங்கள் நலம். உங்கள் கடிதம் இன்று பகல் வந்தது. இன்றே எழுதுகிறேன்.

என்ன அவசரம் அக்கா? இவ்வளவு காலம் நிம்மதியாக இருந்தீர்கள். ஆளைப் பற்றி நன்றாக விசாரித்தீர்களா? மனைவி இறந்தவர்களின் மனதில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நீங்கள் ஏற்கெனவே மற்றவர்களுக்காக நொந்தது போதாதா? எனக்கு இது சரியாகப் படவில்லை. அவரோடு மோட்டார் சைக்கிளில் எங்கும் போகாதேங்கோ, முக்கியமாக மழை நேரம். நெஞ்சுக்குள் ஏதும் நோவு இருந்தால் டொக்டரிடம் காட்டுங்கோ.

எனக்கு உங்களை விட்டால் ஒருவரும் இல்லை.

நிரோஜி

•

வெருகல்
28.4.2025

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். நெஞ்சில் நோவு ஒன்றும் இல்லை. சித்திரை வெயிலில் இங்கே கிணறு வற்றுகிறது, நீ மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய்! ஆனாலும் உன் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். நீ அன்றைக்கே பதில் எழுதுகிற ஆள் இல்லை. அப்படி எழுதினால் காரணம் இருக்கும். வெளியில் நின்று பார்ப்பவருக்குத்தான் சரியாகத் தெரியும் என்று நினைத்தேன்.

போன வெள்ளி அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. "சரி ரீச்சர்" என்று பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, பூச்சிக்கு எதை எப்போது அடிக்கவேண்டும் என்று ஒரு தாளில் விவரமாக எழுதித் தந்துவிட்டுப் போனார். இந்தக் கிழமை வேறொருவர் வந்தார்.

எனக்காக யோசிக்க நீ ஒருத்தியாவது இருக்கிறாய். நன்றி, நிரோஜி. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன். கவலைப்படாதே.

அக்கா

•

லிங்கநகர்
21.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்கும் தகுதி இருக்கிறதா என்று தெரியாமல்தான் மூன்று கிழமையாக எழுதவில்லை. இதை முழுவதும் வாசியுங்கோ. பிறகு கிழித்துப் போட்டாலும் சரி.

கலியாணக் கேள்வியைப் பற்றி நீங்கள் எழுதின கடிதம் வந்த அன்று கவி நித்திரை. கதிரையில் இருந்து மூன்று தரம் வாசித்தேன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். சீட்டுக் கட்டை எடுத்தேன். கலைத்தது நான், உங்களுக்காகக் கேள்வி கேட்டது நான், எடுத்தது நான். சீட்டைக் கேட்கவில்லை என்று நீங்கள் எழுதியிருந்த வரி என் மடியில்தான் கிடந்தது. அலுமாரிக் கதவில் தாளும் இருந்தது. அது மற்றவர்களுக்கு என்றும், அக்கா வேறு ஆளா என்றும் நினைத்தேன்.

ஓர் இதயம் வந்தது. அதில் மூன்று வாள் குத்தி நின்றன. பின்னால் மழை.

வேறு ஒருவர் முன்னால் இருந்திருந்தால், "இதைப் பார்க்க உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டு அவர்களைக் கதைக்க விட்டிருப்பேன். உங்களை ஒன்றும் கேட்கவில்லை. தீர்ப்பு எழுதி, முத்திரை ஒட்டி, பெட்டியில் போட்டேன். விசாரியுங்கோ, என்ன அவசரம் என்றதெல்லாம் அந்தப் படத்துக்குப் பிறகு தேடிப்பிடித்த காரணங்கள். இராசதுரை அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கலியாணம் கட்டினால், எனக்கு ஒன்று என்றால் முந்தி மாதிரி லீவு போட்டு ஓடிவர மாட்டீர்கள் என்று பயந்தேன். அது சீட்டில் இருக்கவில்லை, அக்கா. என்னிடம் இருந்தது.

நீங்கள் "நன்றி" என்று எழுதியிருந்ததைப் பார்த்து அழுதுகொண்டிருந்தபோது பரீனா வந்துவிட்டா. உங்கள் விஷயத்தைச் சொல்லவில்லை. ஒருவரைக் கேட்காமல் அவருக்குச் சீட்டு எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"ஆள் இல்லாத நேரம் அவக அலுமாரியத் தொறந்து பாத்த மாதிரியா?"

"சொந்த ஆள், பரீனா."

"ஏன், சொந்த ஆளுக்கு அலுமாரி இல்லையா?"



நீங்கள் சொன்ன "வேண்டாம்" உங்களுடையது இல்லை. அதை நான்தான் உங்கள் வாயில் வைத்தேன். மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

நிரோஜினி

•

லிங்கநகர்
29.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கவி "ரூபிம்மா" என்று உங்கள் படத்தைக் காட்டிச் சொல்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

உங்களிடம் இருந்து ஒன்றும் வரவில்லை. "வா, ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறி வெருகலில் போய் இறங்குவம், பிள்ளையைக் கண்டால் அவ கரைஞ்சிடுவா" என்று இராகுலன் சொன்னார். எனக்கும் ஓடிவர ஆசைதான். ஆனால் பிள்ளையோடு வந்து வாசலில் நின்றால், வராதே என்று சொல்ல உங்களுக்கு ஏலாது. அதனால் வரவில்லை. இந்தக் கடிதத்துக்கும் பதில் வேண்டும் என்று இல்லை.

சீட்டுக்கு வருகிறவர்களை ஒரு மாதமாகத் திருப்பி அனுப்புகிறேன். என் கை சரியாக இருக்கிறதா என்று தெரியும்வரை மற்றவர்களின் கேள்வியைத் தொட மனம் வரவில்லை.

முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

நிரோஜி

•

வெருகல்
19.7.2025

நிரோஜிக்கு,

நான் சுகம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பிள்ளைக்கு என் அன்பு.

முதலில் கோபத்தை எழுதுகிறேன். கடிதத்தை வாசித்த அன்று அதைச் சுருட்டி அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டேன். வயது முப்பத்தொன்பது, இருபது வருடம் படிப்பித்தவள், ஒரு காகிதத் துண்டுக்காக நல்ல மனிசனை அனுப்பியிருக்கிறேன்! உன்னை விட என்மேல்தான் ஆத்திரம் கூட. நீ என்னிடம் ஒரு கேள்வி, ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. எனக்கும் பயம் இருந்தது. அவரைப் பற்றி இல்லை. தனியாகவே இருந்து பழகின வீட்டில் இன்னொருவரின் செருப்புச் சத்தம் கேட்பதைப் பற்றி. அம்மாவின் கடைசி மூன்று வருடத்தில் நான் சிடுசிடுத்த மாதிரி இவரிடமும் சிடுசிடுப்பேனோ என்று. இதைச் சொல்ல ஒரு ஆள் தேடித்தான் உனக்கு எழுதினேன். நீ எழுபத்தெட்டுப் படத்தைக் கேட்டாய், என்னைக் கேட்கவில்லை. அது நோகிறது. இன்னும் நோகிறது. அதனால்தான் இத்தனை நாள்.

பிறகு, கோபம் கொஞ்சம் ஆறின ஒரு நாள், வேறொன்று உறைத்தது. நீ சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நானே யோசித்து எடுத்த முடிவு என்று நம்பிக்கொண்டு, உனக்கு நன்றியும் சொல்லிக்கொண்டு, சாகும்வரை இருந்திருப்பேன். என்னை இழந்தாலும் பரவாயில்லை என்று துணிந்துதான் நீ எழுதினாய். உன் பயம் எவ்வளவு என்று நாற்பத்தொரு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அந்தப் பயத்தோடு இந்தக் கடிதத்தை எழுத என்ன பாடுபட்டிருப்பாய் என்று எனக்குத்தான் தெரியும். அதற்கு நன்றி. ஏப்ரலில் சொன்ன நன்றியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இதை வைத்துக்கொள்.

போன செவ்வாய் ஈச்சிலம்பற்றுக்கு, அவர் வேலை செய்கிற விவசாயக் கந்தோருக்குப் போனேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை, அது எனக்கு எழுதினது. சொன்னது இவ்வளவுதான்:

"அண்டைக்கு நான் வேண்டாம் எண்டது என்ர சொந்தக் காரணத்தால இல்லை. எனக்கெண்டு ஒரு காரணம் இருக்குதோ எண்டு இரண்டு மாதமாய்த் தேடினன். கிடைக்கேல்ல."

மனிசன் மேசையில் கிடந்த விதைப் பைக்கற்றுகளை ஒன்றொன்றாய் அடுக்கினார். பிறகு கலைத்தார்.

"அப்ப இனி நான் என்ன செய்ய, ரீச்சர்?"

"அந்தக் கேள்வியை இன்னொருக்கால் கேளுங்கோ."

"ஐயோ, கந்தோரிலயோ? முழுப்பேரும் கேட்டுக்கொண்டிருக்கினம்!"

முழுப்பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இருந்தாலும் கேட்டார். ஓம் என்றேன். செப்டெம்பரில் பதிவும் கலியாணமும்.

உனக்கு ஒன்றுதான் சொல்லவேண்டும். இனி என்னைப் பற்றி எதை அறியவேண்டும் என்றாலும் என்னையே கேள். எப்படிப்பட்ட கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை. இப்போதே தொடங்கு.

அக்கா

•

லிங்கநகர்
25.7.2025

என் அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசலில் நின்றே வாசித்தேன். நின்றபடி அழுதேன். பரீனா ஓடிவந்து, "என்ன புள்ள, யாருக்கு என்ன?" என்று கேட்டா. "ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, நல்லது" என்றேன். அவவும் சேர்ந்து அழுதா, விஷயம் தெரியாமலே.

நன்றி அக்கா. கோபத்தை முதலில் எழுதினதற்கும் நன்றி. அது இல்லாமல் மற்றதை நான் நம்பியிருக்க மாட்டேன்.

கேட்கச் சொன்னீர்கள். கேட்கிறேன். இன்னும் பயமாய் இருக்குதா? செருப்புச் சத்தம் பற்றி அவரிடம் சொன்னீர்களா? அவர் சிரிக்கும்போது எப்படி இருப்பார்? பெரியம்மா வருத்தமாய்ப் படுக்கையில் இருந்த காலத்தில் நீங்கள் சிடுசிடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, இரவும் பகலும் தூக்கிக் குளிப்பாட்டினதுதான் ஞாபகம். அதை ஏன் அப்படி நினைக்கிறீர்கள்? சேலை என்ன நிறம்? முதுகு நோகாமல் மணவறையில் இருக்க ஏலுமா? நான் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அழுத நாட்களில் உங்களுக்கு என்மேல் சலிப்பு வந்ததா? இதை இரண்டு வருடமாகக் கேட்க நினைத்தேன், பயத்தில் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. எந்தப் பதில் வந்தாலும் ஏற்றுக்கொள்வேன். உங்கள் கலியாணத்துக்கு நான் வரலாமா?

நிரோஜி

•

வெருகல்
4.8.2025

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம், அவரும் சுகம். உன் கேள்விக் கொத்து கிடைத்தது. பரீட்சைத் தாள் திருத்துகிற இடைவேளையில் எழுதுகிறேன்.

பயம் இருக்கிறது, ஆனால் பசியைக் கெடுக்கவில்லை. செருப்புச் சத்தம் பற்றிச் சொன்னேன். இப்போது என் ஆசிரியர் குவாட்டர்ஸின் வாசல் படலையடியிலேயே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார், பார்க்கச் சகிக்கவில்லை, போட்டுக்கொண்டு வாருங்கோ என்று ஏசினேன். சிரித்தால் மேல்பல்லில் ஒன்று முன்னே நிற்கும். சேலை நீயும் நானும் சேர்ந்து எடுப்போம். அம்மாவைப் பற்றின கேள்விக்குக் கடிதத்தில் பதில் எழுத வரவில்லை, நேரில் சொல்கிறேன். உன்மேல் சலிப்பு வந்தது, ஓம், இருபத்தாறாம் நாள். பின்னேரம் நீ எழும்பித் தலைவாரிக்கொண்டாய், அதோடு போய்விட்டது.

கலியாணத்துக்கு இதுவரை எழுபது பேர்வரை வருகிறார்கள். எல்லோரும் வருகிறோம் என்று எனக்கு அறிவித்தவர்கள். வரலாமா என்று கேட்டவள் நீ ஒருத்திதான்.

வா. மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்னதாக வா.

உன்
ரூபி அக்கா